சுருள்பாசி மாத்திரையும் ஓட்டக்காரரின் புரதக் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 28, எடை 52 கிலோ. கோத்தகிரியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். சைவம்; முட்டையும் சாப்பிடுவதில்லை. டிசம்பரில் 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள இருக்கிறேன். வார நாட்களில் கோடநாடு சாலையில் ஓடுகிறேன்; ஞாயிறன்று அரவேனு வரை இறங்கி மறுபடி ஏறுகிறேன். விடியற்காலையில் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும்தான். காலை நான்கு இட்லி சாம்பார், மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், இரவு மூன்று சப்பாத்தியும் குருமாவும், இடையில் இரண்டு மூன்று முறை பால் டீ. நீண்ட ஓட்டத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கால் கனத்துவிடுகிறது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை தினம் ஆறு எடுத்தால் புரதம், இரும்பு, பி12 எல்லாம் கிடைத்துவிடும், ஓடும்போது உடம்பு கொழுப்பை எரிக்கும் என்று ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார். அவரிடமே 180 மாத்திரை டப்பா 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் அம்மாவுக்கும் கொடுக்கலாமா? தொட்டியில் வீட்டிலேயே வளர்க்கலாம் என்கிறார்களே, அது நம் ஊரில் முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சுருள்பாசி நல்ல புரதம் கொண்ட உணவுதான். ஆனால் ஆறு மாத்திரை உங்கள் புரதத் தேவையைத் தீர்க்காது. அதன் அருகில்கூட வராது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மாத்திரை ஒன்று 500 மில்லிகிராம். ஆறு மாத்திரை சேர்ந்தால் மூன்று கிராம். உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் ஏறத்தாழ 57 கிராம் புரதம் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணை காட்டுகிறது. அப்படியானால் உங்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது 1.7 கிராம், அதாவது ஒரு இட்லியில் இருக்கும் அளவை ஒட்டியது. டப்பா முழுவதையும் கணக்கில் எடுத்தாலும் 90 கிராம் பொடியில் இருப்பது 52 கிராம் புரதம். உங்களைப் போல நீண்ட தூரம் ஓடுபவருக்கு ஒரே ஒரு நாளைக்கு வேண்டிய புரதத்தைவிட அது குறைவு. 900 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு வாங்கும் பொருள் ஒரு நாள் தேவைக்கே போதாது என்றால், அதைப் புரத ஆதாரம் என்று அழைப்பதில் பொருளில்லை. ஒரு கிலோ துவரம்பருப்பில் 220 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது; அதன் விலை உங்களுக்கே தெரியும்.

பயிற்சியாளர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார் என்று நான் கருதவில்லை. டப்பாக்களில் அச்சிடப்படும் "இறைச்சியைவிட மூன்று மடங்கு புரதம்" என்ற வாசகமே பலரைக் குழப்புகிறது. அந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் ஈரம் நீக்கப்பட்ட பொடியும் மறுபக்கம் முக்கால் பங்கு நீர் நிறைந்த பச்சை இறைச்சியும் வைக்கப்படுகின்றன. உலர்ந்த பொருளை உலர்ந்த பொருளோடு ஒப்பிட்டால் வியப்பு அடங்கிவிடும்: மீல்மேக்கர் என்று நாம் வாங்கும் சோயா உருண்டையிலும் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் உண்டு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. உணவில் உள்ள புரதத்தை ஆய்வகங்கள் பொதுவாக நேரடியாக எடைபோடுவதில்லை. நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்குகின்றன. சுருள்பாசியில் உள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி புரதமல்லாத நியூக்ளிக் அமிலங்களைச் சேர்ந்தது என்பதால், உண்மையான புரதம் சீட்டில் உள்ள எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஒரு நல்ல குணத்தை மறைக்கக் கூடாது. பாசி என்று நாம் சொன்னாலும் இது உண்மையில் நீலப்பச்சை நிறமுள்ள ஒரு நுண்ணுயிரி. செடிகளுக்கு இருப்பது போன்ற செல்லுலோஸ் சுவர் இதற்குக் கிடையாது. அதனால் இதன் புரதம் 80 முதல் 85 விழுக்காடு வரை செரிக்கிறது. முட்டையோடும் பாலோடும் ஒப்பிட்டால் மெத்தியோனின், சிஸ்டீன், லைசின் ஆகிய அமினோ அமிலங்கள் சற்றுக் குறைவு. அரிசியும் பருப்பும் சேர்த்து உண்ணும் வீட்டில் இது ஒரு குறையாகத் தோன்றாது.

உங்கள் தேவை எவ்வளவு என்பதைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்களுக்கு அது 43 கிராம். இது பயிற்சி செய்யாதவருக்கான அளவு. தொடர்ந்து நீண்ட தூரம் ஓடுபவருக்கு ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. நடுவில் 1.4 என்று எடுத்துக்கொண்டால் 73 கிராம். நீங்கள் எழுதியுள்ள உணவுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 46 கிராமை ஒட்டி வருகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் அது சரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு 27 கிராம் குறைகிறது.

இந்த 27 கிராமைச் சுருள்பாசியால் நிரப்ப வேண்டுமென்றால் தினம் 94 மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். மாறாக, மதியக் குழம்பிலோ இரவுக் குருமாவிலோ 30 கிராம் மீல்மேக்கர் சேர்த்தால் 15 கிராம் வந்துவிடும். மாலையில் டீக்கடைப் பலகாரத்துக்குப் பதிலாக 40 கிராம் காய்ந்த பட்டாணியையோ கொண்டைக்கடலையையோ ஊறவைத்துச் சுண்டல் செய்தால் எட்டு ஒன்பது கிராம். படுக்குமுன் ஒரு தம்ளர் பால் குடித்தால் ஆறு கிராம். கணக்கு முடிந்தது. பருவத்தில் நம் மலையில் கிடைக்கும் பச்சைப் பட்டாணியும் அவரை விதையும் இதே வேலையைச் செய்யும். பச்சையாக இருக்கும்போது அவற்றில் நீர் அதிகம் என்பதால் அளவை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்து உண்பதும் முக்கியம். ஓட்டம் முடிந்தபின் தசை தன்னைச் சீர்செய்துகொள்ளத் தொடங்குவதற்கு லூசின் என்ற அமினோ அமிலம் ஒரு வேளைக்கு இரண்டு முதல் மூன்று கிராம் வரை கிடைத்தால் நல்லது. 20 கிராமை ஒட்டிய நல்ல புரதம் உள்ள ஓர் உணவு அதை ஏறக்குறைய ஈடுகட்டும். சுருள்பாசியில் 100 கிராமுக்கு ஐந்து கிராம் அளவுக்கு லூசின் உண்டு. இது நல்ல அளவுதான் என்றாலும், இரண்டரை கிராம் லூசினுக்கு 50 கிராம் பொடி வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதைக்கு இந்தச் சீர்செய்தல் குறிப்பாகத் தேவை. அரவேனுவுக்கு இறங்கும் சரிவில் தொடைத் தசை நீண்டபடியே உடலின் எடையைத் தாங்கி நிறுத்துகிறது. ஏறும்போது மூச்சு வாங்கினாலும், தசை இழைகளுக்கு அதிகச் சேதம் நேர்வது இறங்கும்போதுதான். ஏற ஆரம்பிக்கும்போது கால் கனப்பதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி கொழுப்பை எரிக்கும் என்ற கூற்றுக்கு வருகிறேன். இதற்குப் பின்னால் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. அதை விரிவாகச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். ஓடும்போது தசை மாவுச்சத்தையும் கொழுப்பையும் கலந்தே எரிக்கிறது. எந்தக் கலவை என்பதை மூச்சை வைத்து அறியலாம்: வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1ஐ நெருங்கினால் மாவுச்சத்து, 0.7ஐ நெருங்கினால் கொழுப்பு. 2010இல் வெளியான கிரேக்க ஆய்வு ஒன்றில், ஓரளவு பயிற்சி பெற்ற ஒன்பது ஆண்களுக்கு நான்கு வாரம் தினம் ஆறு கிராம் சுருள்பாசியும், வேறொரு நான்கு வாரம் வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எது எப்போது என்பது ஓடுபவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. பிறகு அவர்களை மிதமான வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடவைத்து, அதன்பின் உச்ச வேகத்துக்கு அருகில் களைத்து நிற்கும்வரை ஓடவைத்தார்கள். சுருள்பாசி எடுத்த காலத்தில் இரண்டு மணி நேர ஓட்டத்தின்போது மாவுச்சத்து எரிவது 10.3 விழுக்காடு குறைந்து, கொழுப்பு எரிவது 10.9 விழுக்காடு கூடியிருந்தது. கடைசி வேக ஓட்டம் 2.05 நிமிடத்திலிருந்து 2.70 நிமிடமாக, அதாவது 39 நொடி நீண்டது.

இந்த முடிவு அறிவியல்ரீதியாகச் சுவையானது. இருந்தாலும் உங்கள் கேள்வியோடு பொருத்திப் பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்ட அளவு ஆறு கிராம். உங்களுக்குச் சொல்லப்பட்டதைப் போல இரண்டு மடங்கு, பன்னிரண்டு மாத்திரை. பங்கேற்றவர்கள் ஒன்பது பேர், அனைவரும் ஆண்கள். ஓட்டத்தின்போது கொழுப்பு சற்று அதிகமாக எரிந்ததும் உடலில் கொழுப்பு குறைவதும் ஒன்றல்ல. ஒரு நாள் முழுவதும் உண்பதும் செலவிடுவதும்தான் பின்னதைத் தீர்மானிக்கின்றன. கொழுப்பு எரிந்தால் தசையில் சேமித்துள்ள மாவுச்சத்தான கிளைக்கோஜன் மிச்சமாகும் என்பதுதான் ஓட்டக்காரருக்கு இதிலுள்ள நன்மை. மேலும், இந்த விளைவு புரதத்தால் வந்ததாகத் தோன்றவில்லை. ஆறு கிராம் பொடியில் உள்ள மூன்றரை கிராம் புரதம் அப்படியொரு மாற்றத்தைச் செய்யாது. பாசிக்கு நீல நிறம் தரும் ஃபைக்கோசயனின் என்ற நிறமிக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை உண்டு. ஆய்வாளர்களின் கவனம் அதன்மேல்தான் இருக்கிறது.

பிற ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. 2006இல் தைவானில் 16 மாணவர்கள் மூன்று வாரம் தினம் 7.5 கிராம் எடுத்தபோது டிரெட்மில்லில் களைப்படையும் நேரம் நீண்டது. தசைச் சேதத்தின் அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் பின்னர் பயிற்சி பெற்ற சைக்கிள் ஓட்டிகள் 21 நாள் எடுத்துப் பார்த்தபோது 16.1 கிலோமீட்டரைக் கடக்கும் நேரம் மாறவில்லை. மறுபுறம், முன்னணி ரக்பி வீரர்களிடம் கடும் பயிற்சிக்குப் பிந்தைய தசைச் சேதம் குறைந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது என்பதே இவற்றிலிருந்து எனக்குப் படுகிறது. இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய ஆய்வுகள் வந்து இந்தக் கருத்து மாறலாம். இன்றைய நிலையில் இதை நம்பி டிசம்பர் ஓட்டத்துக்குத் திட்டமிட வேண்டாம்.

கிளைக்கோஜனை மிச்சப்படுத்துவதைப் பற்றி யோசிக்குமுன் அதைச் சேமிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் எடைக்கு 21 கிலோமீட்டர் ஓட, சமதளத்தில் ஏறத்தாழ 1,100 கிலோகலோரி செலவாகும். நம் மேட்டுச் சாலைகளில் இன்னும் கூடும். இரவு முழுவதும் உண்ணாமல் இருந்ததில் கல்லீரலின் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் நேரத்தில், டீயும் இரண்டு வர்க்கியும் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். வர்க்கியைக் குறை சொன்னால் நீலகிரியில் என்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள். இருந்தாலும் வனஸ்பதி நிறைந்த அந்தச் சிற்றுண்டி ஓட்டத்துக்கு ஏற்ற உணவல்ல. மெதுவாகச் செரிப்பதால் வயிற்றிலேயே தங்கும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு சப்பாத்தியைக் குறைக்காதீர்கள். காலையில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியை நாட்டுச் சர்க்கரையோடு சாப்பிடலாம். அல்லது இரண்டு வாழைப்பழம் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுப்பது பயன் தரும் என்பதற்குச் சுருள்பாசியைவிடப் பல மடங்கு உறுதியான சான்று உள்ளது. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். மீதியை வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த எலுமிச்சைச் சாறு தரும். இதை முதலில் பயிற்சி நாட்களில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் போட்டி நாளில் பின்பற்ற வேண்டும்.

கால் கனப்பதற்கு நான் அதிகம் சந்தேகப்படும் இன்னொரு காரணம் இரும்பு. சுருள்பாசியில் 100 கிராமுக்கு 28.5 மில்லிகிராம் இரும்பு இருப்பது உண்மைதான்; ஆனால் மறுபடியும் அளவுதான் சிக்கல். மூன்று கிராமில் கிடைப்பது 0.9 மில்லிகிராமுக்கும் குறைவு. மேலே சொன்ன 2020 பரிந்துரை பெண்களுக்குத் தினம் 29 மில்லிகிராம் என்கிறது. சைவ உணவு, மாதவிலக்கு, நீண்ட ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு இரும்புச் சேமிப்பு தேய்வது மிகச் சாதாரணம். கடினமாக ஓடிய சில மணி நேரத்துக்கு ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. மலைமேல் வாழும் உடல் ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்குவதால் அதற்கும் இரும்பு செலவாகிறது. ஆகவே வெறும் ஹீமோகுளோபின் பரிசோதனையோடு நிறுத்தாமல், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 என்பது கடல்மட்டத்து அளவுகோல். நம் உயரத்துக்கு அதைச் சற்றுக் கூட்டியே படிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுவதில் தவறில்லை. முடிவு வருமுன் நீங்களாகவே இரும்பு மாத்திரை தொடங்க வேண்டாம்.

இதற்கிடையே செலவில்லாத ஒரு மாற்றத்தைச் செய்யலாம். தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்போடு பிணைந்து அதை உடலில் சேரவிடாமல் செய்கின்றன. தேயிலைத் தோட்டத்தின் நடுவே வாழ்ந்துகொண்டு டீயை விடச் சொன்னால் நடக்காது என்பது எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வைத்தால் போதும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த சுண்டலோ ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

பி12 விஷயத்தில் பயிற்சியாளரின் கூற்று முற்றிலும் தவறு. இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி, பி12 போலவே தோற்றம் கொண்டு மனித உடலில் வேலை செய்யாத போலி வடிவம். அதை நம்பியிருக்கும் சைவர்களுக்குக் குறைபாடு வெளியே தெரியாமல் வளரக்கூடும். பால், தயிர் ஆகியவற்றால் உங்களுக்கு ஓரளவு கிடைக்கிறது. ஃபெரிட்டினோடு சேர்த்து இதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய். அதற்கான மருந்துகள் பல அந்த எதிர்ப்பாற்றலை அடக்குபவை. சுருள்பாசிக்கு எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் தன்மை உண்டு என்பதால், தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது வழக்கம். மூட்டுவலிக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தார் யாராவது சொன்னாலும், சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களும், ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டியில் வளர்ப்பது நம் ஊருக்கு ஒத்துவராது. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பகுதி மக்கள் இதை வடித்து உலர்த்தி, திஹே என்ற பெயரில் குழம்பில் சேர்த்து உண்கிறார்கள். மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரியில் ஆஸ்டெக் மக்கள் இதைச் சேகரித்து உண்டார்கள். உப்பும் காரத்தன்மையும் மிகுந்த நீர்நிலைகளின் உயிர் இது. காரகாடித்தன்மை (pH) 9 முதல் 11 வரையும், வெப்பம் 30 முதல் 35 டிகிரி செல்சியஸும் இருந்தால் நன்றாகப் பெருகும். கோத்தகிரியில் கோடையில்கூட அந்த வெப்பம் கிடைப்பதில்லை. வளர்ச்சி மந்தமான தொட்டியில் வேறு நீலப்பச்சைப் பாசிகள் புகுந்தால், அவற்றில் சில மைக்ரோசிஸ்டின் என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும். கண்ணால் பார்த்து எது எதுவென்று பிரிக்க முடியாது. வெயில் மிகுந்த சமவெளியில், ஆய்வக வசதியோடு செய்ய வேண்டிய தொழில் இது.

இத்தனைக்குப் பிறகும் ஒருமுறை முயன்று பார்க்கும் ஆவல் இருந்தால் நான் தடுக்கப் போவதில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு மூன்று முதல் ஆறு கிராம் வரையிலான அளவு பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. புரதக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கிறதா, கன உலோகங்களுக்கும் மைக்ரோசிஸ்டினுக்கும் தொகுதிவாரியாகச் சோதனை செய்த அறிக்கையைத் தயாரிப்பாளர் தருகிறாரா என்று பார்த்து வாங்குங்கள். பரிந்துரைப்பவரே விற்பவராகவும் இருக்கும் இடத்தில் அந்த அறிக்கையைக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. ஒரு கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். வயிறு உப்பலோ தோலில் தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். போட்டிக்கு முந்தைய இரு வாரங்களில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12 மூன்றின் முடிவுகளும் வந்ததும், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, உதிரப்போக்கு அதிகமா என்ற குறிப்போடு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடத் தொடங்கியபின் மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் முடிவுகளுக்காகக் காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள். செலவிடும் ஆற்றலுக்குப் போதிய உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அப்போது ஓட்டத்தின் தூரத்தையும் தட்டில் உள்ள உணவையும் சேர்த்தே மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.